சேலம் நாட்டுப் புத்தர்களும் தன்னருள் நெறியும்

நம் வட்டத்தின் பத்தாமாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, தகடூர் அதியமானைப் பற்றியோ கொல்லிமலை ஓரியைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாறு என்றால் வில்லும் வேலும் கோட்டையும் நினைவில் எழுவது இயல்பே. 1997இல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கிய நாமக்கல்லின் பெரும்பாறையில் அதியர் குலத்தார் குடைந்த குடைவரைகளும் அரச மரபின் பெயரைத் தாங்கியே நிற்கின்றன. ஆயினும் இம்மண்ணில் பெயர் பொறிக்கப்படாத வரலாறு ஒன்று உண்டு. மனிதன் தன் உள்ளத்தைத் தானே நோக்கியிருந்த வரலாறு அது. நோக்கியதோடு அமையாமல், நோக்கப்பட்ட அவ்வுள்ளத்தின்மீது பகையின்றி இருக்கப் பயின்ற வரலாறும் ஆகும். அதன் தடங்களாக இன்று நமக்குக் கிடைப்பவை கல்லிலே சிலவும் சொல்லிலே சிலவும்.

கல்லிலிருந்து தொடங்குவோம். சேலம் பெரியேரியில் உள்ள தலைவெட்டி முனியப்பன் கோயிலை நகரத்தார் பலர் அறிவர். அங்கே முனியப்பன் என்று வழிபடப்பெற்ற திருவுருவம் உண்மையில் புத்தருடையது என்று கூறி 2011இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. நீதிமன்றத்தின் ஆணைப்படி தமிழ்நாடு தொல்லியல் துறையினர் சிலையை ஆராய்ந்தனர். தாமரைப் பீடத்தின்மேல் அரைத் தாமரை இருக்கை, மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகளில் தியான முத்திரை, சுருள்முடி, உச்சியில் ஞானமுடி, நீண்டு தொங்கும் காதுமடல். நெற்றித் திலகக் குறி மட்டும் புலப்படவில்லை. தலை முன்பு எப்போதோ உடலினின்று துண்டிக்கப்பட்டுப் பிற்காலத்தில் சிமெண்டு கொண்டு ஒட்டவைக்கப்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் கொண்டு அது புத்தர் உருவமே என்று அவர்கள் அறிக்கை தந்தனர். 2022 ஜூலையில் நீதிமன்றம் அவ்வறிக்கையை ஏற்றது. அவ்விடத்தைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் கொள்ள வேண்டும், புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து காணலாம், பூசை முதலிய சடங்குகள் கூடா என்று தீர்ப்பளித்தது.

செய்தித்தாளில் இத்தீர்ப்பைப் படித்த நாளில் எனக்கு முதலில் நினைவு வந்தவர் மயிலை சீனி. வேங்கடசாமி அல்லர், என் அம்மாயி. எங்கள் ஊர்ப்பக்கம் முனியப்பன் காவல் இல்லாத ஏரிக்கரை அரிது. உருட்டி விழித்த கண், முறுக்கிய மீசை, ஓங்கிய கத்தி என்று வானளாவ அமர்ந்திருப்பார். சிறுவயதில் நான் பொய் சொன்னாலோ, தின்பண்டம் எடுத்து ஒளித்தாலோ, அம்மாயி அவரைக் கைகாட்டி, "சாமி கண்ணைக் குத்தும், பாத்துக்க" என்பார். அம்மாயியை இதற்காகக் குறைசொல்ல முடியாது. அவருக்கும் அவருடைய அம்மாயி அப்படித்தான் சொல்லியிருப்பார். நம்மில் பலர் தம்மைத் தாமே நோக்கும் பழக்கத்தை அந்தக் கண்ணிடமிருந்துதான் கற்றோம். உள்ளே எப்போதும் ஒருவர் விழித்துக்கொண்டிருக்கிறார். அவர் கையில் கத்தி இருக்கிறது. வளர்ந்து, படித்து, பட்டம் பெற்று, பிறருக்குப் பாடம் சொல்லும் நிலைக்கு வந்தபின்னும் அந்தக் கத்தி இறங்குவதில்லை.

பெரியேரிக் கல்லில் முதலில் செதுக்கப்பட்டிருந்தது அத்தகைய பார்வை அன்று. தியான முத்திரையில் அமர்ந்த புத்தரின் விழி பாதி மூடியது, தாழ்ந்தது, உள்நோக்கியது. அச்சிலையின் தலையை வெட்டியவர் யார், எக்காலத்தில், எதன் பொருட்டு என்பதற்குச் சான்று இல்லாதபோது பழிசுமத்துவது ஆராய்ச்சி ஆகாது. ஆனால் தலைபோன சிலையைத் தூக்கி எறியாமல், தமக்குத் தெரிந்த காவல் தெய்வத்தின் பெயரை இட்டுத் தலைமுறை தலைமுறையாகப் போற்றியவர்கள் இவ்வூர் எளிய மக்கள் என்பதையும் மறக்கலாகாது. பெயரிலேயே 'தலைவெட்டி' என்று நடந்ததைப் பதிந்தும் வைத்தார்கள். பௌத்தத் திருவுருவங்கள் சிற்றூர்த் தெய்வங்களாக உருமாறிய வகையை அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தம் எழுத்துகளிலும், மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூலிலும் விரித்துள்ளனர். அவர்தம் கூற்றுகளுள் சில மிகையென்று தள்ளப்பட்டதுண்டு. பெரியேரியைப் பொறுத்தவரை அவர்கள் நோக்கு பிழையன்று என்றாயிற்று.

இரண்டாம் இடம் தியாகனூர். ஆத்தூருக்குக் கிழக்கே, தலைவாசலுக்கு அண்மையில், ஆறகளூரை அடுத்த சிற்றூர். ஆறகளூர் வசிட்ட நதிக்கரையில் உள்ளது. மகதை நாட்டை ஆண்ட வாணகோவரையர் தலைநகர். ஆறு அகழிகள் சூழ்ந்தமையால் அப்பெயர் பெற்றதென்பர். கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் இடையே கிடக்கும் இவ்வாற்றுவெளி கீழைக் கடற்கரையையும் கொங்கு நாட்டையும் இணைக்கும் இயற்கையான வழி. வணிகர் நடந்த வழியிலேயே பௌத்தத் துறவியரும் நடந்தனர் என்பது இந்தியா முழுமைக்கும் பொருந்தும் செய்தி. தியாகனூரில் ஆளுயரத்தை விஞ்சிய இரு புத்தர் சிலைகள் உள்ளன. இரண்டும் அமர்ந்த கோலம், தியான முத்திரை. மழையிலும் வெயிலிலும் கிடந்த சிலைக்கு ஊரார் பிற்காலத்தில் தியான மண்டபம் அமைத்தனர். அவர்கள் அவரை வேறு பெயரால் அழைக்கவில்லை. புத்தர் என்றே அறிவர்.

நான் முதன்முறை அங்குச் சென்றது முனைவர் பட்ட ஆய்வின்போது. குறிப்பேடும் அளவுநாடாவும் எடுத்துச் சென்றேன். அளந்தேன், குறித்தேன், திரும்பினேன். சிலையின் எதிரே ஒரு நாழிகை உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் முறை சென்றதற்கு வேறு காரணம் உண்டு; அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இப்படி அமர்ந்திருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? சும்மா இருக்கிறார் என்பது மேலோட்டமான விடை. தேரவாதப் பௌத்தர் இதற்கு நுணுக்கமான விடை எழுதி வைத்துள்ளனர்; எழுதியவர்களுள் தமிழகத்தோடு தொடர்புடையோர் பலர். உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் காவிரிக் கரையில் பூதமங்கலத்து விகாரையில் இருந்து நூல் இயற்றினார். காவிரியின் ஓட்டத்தை எதிர்த்து மேற்கே வந்தால் உறையூருக்கும் நம் மோகனூருக்கும் இடையே தொலைவு மிகுதியில்லை. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கை அநுராதபுரத்தில் 'விசுத்திமக்கம்' என்னும் பெருநூலைப் பாலி மொழியில் எழுதிய புத்தகோசர், காஞ்சிபுரத்தில் தாம் தங்கியிருந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் இறுதியில் குறிக்கிறார். இந்நூலைத் தியாகனூர்த் துறவியர் ஓதினர் என்று கூற எனக்குச் சான்று இல்லை. அவர்கள் சிலையாக வடித்த அமர்வுக்கு, அக்காலத் தென்னாட்டுப் பௌத்தம் தந்த விளக்கம் இதில் உள்ளது என்ற அளவில் கொள்க.

மைத்திரி என்னும் அன்புப் பாவனையைப் பயில விரும்புவோன் யாரிடத்துத் தொடங்க வேண்டும்? பகைவனிடத்து என்று சொன்னால் வீரமாக இருக்கும். தாயிடத்து என்றால் இனிமையாக இருக்கும். புத்தகோசர் சொல்லும் விடை இரண்டுமன்று. தன்னிடத்துத் தொடங்குக என்கிறார். நான் இன்பமுடையேன் ஆகுக, துன்பம் நீங்குக, பகையின்றி வாழ்க என்று முதலில் தனக்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் தானே சான்று. நான் இன்பத்தை விழைந்து துன்பத்துக்கு அஞ்சுவதுபோலவே பிறவுயிரும் என்று உணர்வதற்குத் தன் உள்ளமன்றி வேறு அளவுகோல் மனிதனுக்கு இல்லை. அதே மூச்சில் அவர் எச்சரிக்கையும் செய்கிறார்: தன்னிடத்து மட்டும் இப்பாவனையை நூறாண்டு செய்தாலும் ஆயிரமாண்டு செய்தாலும் ஆழ்ந்த ஒருமைநிலை கைகூடாது. தன்னருள் வாயிற்படி, வீட்டுக்குள் நுழையாமல் படியிலேயே குடியிருக்க முடியாது.

இதற்கு அவர் மேற்கோளாகக் கொள்வது கோசல மன்னன் பசேனதியும் அரசி மல்லிகையும் உரையாடிய நிகழ்ச்சி. உன்னைவிட உனக்கு இனியவர் வேறு உண்டோ என்று மன்னன் அரசியைக் கேட்கிறான். நீரே என்ற விடையை அவன் எதிர்பார்த்திருக்கலாம். என்னைவிட எனக்கு இனியவர் எவரும் இல்லை என்று மல்லிகை உண்மையைச் சொல்கிறாள். உமக்கு எப்படி என்று திருப்பியும் கேட்கிறாள். தனக்கும் அப்படித்தான் என்று மன்னன் ஒப்புகிறான். இருவரும் சொன்னதைக் கேட்ட புத்தர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒவ்வொருவருக்கும் தன்னுயிர் இவ்வளவு இனியது ஆகையால், தன்மேல் அன்புடையான் பிறரைத் துன்புறுத்தலாகாது என்று அதனை அறமாக விரித்தார். தீவினையச்ச அதிகாரத்தில், தன்மேல் காதலுடையான் தீவினையின் பக்கம் அணுகலாகாது என்று வள்ளுவரும் இதே அடித்தளத்தில் நின்று பேசுகிறார். ஒன்றுக்கு ஒன்று மூலம் என்று வழக்காடுவது என் கருத்தன்று. கணவன் முன்னே நின்று ஒரு பெண் இப்படிச் சொன்னாள், அச்சொல் போற்றிக் காக்கப்பட்டது என்பதே எனக்கு வியப்பு. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். தன்னை நேசிக்கிறேன் என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்வது நம் வீடுகளில் இன்றும் சற்றுக் கூசும் செய்திதான்.

அதே நூலில் வேறோர் இடம் உண்டு. பயிற்சி முதிர்ந்தமைக்கு அடையாளம் என்ன என்பதைப் புத்தகோசர் ஒரு கதையால் காட்டுகிறார். துறவி ஒருவர் இருக்கிறார். உடன் அவருக்கு இனியவர் ஒருவர், வேண்டுதல் வேண்டாமை இல்லாதவர் ஒருவர், பகைவர் ஒருவர். கள்வர் வந்து, உங்களுள் ஒருவரைத் தாருங்கள், கழுத்துக் குருதியைப் பலியிட வேண்டும் என்கின்றனர். இன்னாரைக் கொண்டுபோங்கள் என்று துறவி நினைத்தால் அவர் உள்ளத்தில் எல்லைக்கோடு இன்னும் அழியவில்லை. இதுவரை எவரும் எதிர்பார்ப்பது. அடுத்துச் சொல்வதுதான் புதிது. என்னைக் கொண்டுபோங்கள், இவர்களை விடுங்கள் என்று அவர் நினைத்தாலும் எல்லைக்கோடு அழியவில்லை! நால்வருள் கொடுப்பதற்கு உரியவர் ஒருவரும் இல்லை என்று எப்போது காண்கிறாரோ அப்போதே அது அழிந்தது.

இப்பகுதியை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ஒருகாலத்தில் எழுதினேன். எழுதினேனே தவிரப் படிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய மாதத்தில் என் அம்மா நோயுற்றார். இரண்டு நாளில் வருகிறேன் என்று சொல்லி நூலகத்துக்குப் போனேன். திரும்புவதற்குள் அவர் மறைந்தார். பட்டம் வந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள், வீட்டில் எந்தத் துன்பம் வந்தாலும் கள்வரிடம் முதலில் என்னையே நீட்டிக்கொண்டிருந்தேன். சுற்றத்தார் அதைப் பொறுப்பு என்றனர். நானும் அதைத் தவம் என்றே எண்ணினேன். உள்ளே முனியப்பன் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை. பட்டமேற்படிப்பு மாணவியர்க்கு இக்கதையை விளக்கும்போது ஒருநாள் நடுவில் நிறுத்திவிட்டேன். என்னைக் கொண்டுபோங்கள் என்பதும் ஏன் தவறு என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். தன்னை மட்டும் உயிர்க்கணக்கில் சேர்க்காத அருள் கணக்குத் தவறிய அருள் என்று விடை சொன்னேன். சொன்ன குரல் என்னுடையதுதானா என்று இருந்தது. அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் தியாகனூருக்கு இரண்டாம் முறை சென்றேன். இம்முறை அளவுநாடா எடுத்துச் செல்லவில்லை.

சொல்லிலே எஞ்சிய தடத்துக்கு வருவோம். மணிமேகலை 1898இல் உ.வே. சாமிநாதையரால் அச்சேறியது. அவரைப் பழந்தமிழ்க் காப்பியங்களின்பால் திருப்பிவிட்டவர் 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அன்று அவர் எழுப்பிய வினாவே பின்னர் மணிமேகலை வரை இட்டுச் சென்றது. நம் ஊர்க்காரர் ஒருவர் பௌத்தக் காப்பியம் மீண்டதற்கு மறைமுகமாகக் காரணமானார் என்பதில் சேலத்தார் நாம் சற்றுப் பெருமை கொள்ளலாம்.

மணிமேகலையைப் பசிப்பிணி போக்கிய காப்பியம் என்றே பெரிதும் பேசுகிறோம். அமுதசுரபியின் ஒளியில் அதன் உள்நோக்குப் பகுதிகள் மங்கிப்போயின. மணிமேகலா தெய்வம் வந்து தோன்றிய காதையை நோக்குக. உதயகுமரன் அவளை நாடி உவவனத்துக்கு வருகிறான். அவள் பளிக்கறைக்குள் மறைகிறாள். அவன் அவளை இகழ்ந்து பேசிப் போகிறான். போனபின் மணிமேகலை சுதமதியிடம் கூறுவது என்ன? என்னை இழித்துரைத்தவன் என்றும் பாராமல் அந்தப் புதியவன் பின்னே என் நெஞ்சு சென்றது, காமத்தின் இயல்பு இதுவாயின் அதன் வலிமை கெடுக என்கிறாள். உரையாசிரியர் பலர் முற்பிறவித் தொடர்பை இதற்குக் காரணமாகக் காட்டி நகர்ந்துவிடுவர். முற்பிறவியைப் பற்றி அந்நேரத்தில் அவளுக்குத் தெரியாது என்பதைக் கருத வேண்டும். தெரியாத நிலையில், துறவு நெறியில் நிறுத்தப்பட்ட இளம்பெண், தன் நெஞ்சு போனதைப் போனது என்று தோழியிடம் சொல்கிறாள். நான் பாவி என்று மார்பில் அறைந்துகொள்ளவில்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மறைக்கவும் இல்லை. கெடுக என்பதும் காமத்தின் திறத்தைத்தான்; தன்னை அன்று. தன்னறிவுக்கும் தன்வதைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இத்துணைச் சுருக்கமாகக் காட்டும் இடம் தமிழில் வேறு உளதோ என்று ஐயுறுகிறேன்.

முப்பதாவதாகிய இறுதிக் காதையில் அறவண அடிகள் பன்னிரு சார்புகளையும் உரைத்து முடித்தபின், அவா, செற்றம், மயக்கம் ஆகிய மூன்றுக்கும் மருந்து கூறுகிறார். அவாவுக்கு நிலையாமை முதலியவற்றைத் தனித்திருந்து நோக்குதல். செற்றத்துக்கு மைத்திரி, கருணை, முதிதை. மயக்கத்துக்குக் கேள்வி, சிந்தனை, பாவனை, தரிசனம். பாலி நூல்கள் மைத்திரி முதலியவற்றோடு உபேட்சை என்னும் நொதுமலையும் கூட்டி நான்கு என்னும். சாத்தனார் மூன்றே கூறினார். செற்றம் தீர்க்கும் மருந்து என்ற இடமாதலின் மூன்று அமையும் என்று கருதினாரோ என்னவோ. செற்றம் என்றால் பிறர்மேல் கொள்ளும் பகை என்றே பொருள் எழுதுகிறோம். தன்மேல் தான் கொள்ளும் செற்றத்தையும் அச்சொல்லில் அடக்கிப் படித்தால் அக்காதை வேறு ஒளி பெறுகிறது.

பௌத்தம் தேய்ந்தபின் உள்நோக்கும் பழக்கம் இச்சமவெளியில் அற்றுப்போகவில்லை. கஞ்சமலையில் சித்தர் கோயிலில் அமாவாசைதோறும் கூட்டம் திரள்கிறது. அங்குள்ளவரும் அமர்ந்து தவம்புரியும் கோலத்தினரே. சேந்தமங்கலத்தில் வாழ்ந்து 1948இல் சமாதியுற்ற சுயம்பிரகாச அவதூதர், வேதாந்த வழியில் தன்னை வினவி நின்றவர். அவர் மாணவர் சாந்தானந்தர் சேலம் உடையாப்பட்டியில் கந்தாசிரமத்தை அமைத்தார். சித்தரும் வேதாந்தியும் ஆன்மாவை ஏற்பர், பௌத்தர் ஏலார். இவ்வேறுபாட்டைக் கரைத்து எல்லாம் ஒன்றே என்பது எனக்கு உடன்பாடன்று. உட்கார்ந்து உள்ளே பார் என்ற அளவில் இம்மண் மூவரையும் தாங்கியது.

இப்போது இவ்வெண்ணம் மேல்நாடு சென்று புதுப்பெயரோடு திரும்பி வருகிறது. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் இதனை அளக்கும் வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். தன்மேல் கனிவு, துன்பம் மனிதர்க்குப் பொது என்னும் உணர்வு, நிகழ்வதை மிகைப்படுத்தாமல் விழிப்போடு நோக்குதல் என மூன்று கூறுகள் அதில் உள. பௌத்தத்திலிருந்து கொண்டதை அவர் மறைக்கவில்லை. நம் கல்லூரிகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்க வருவோர் அதைக் கடல்கடந்த புதுச்சரக்காக அவிழ்க்கும்போதுதான் எனக்குச் சற்று நகைப்பு வருகிறது. அரங்கின் சன்னலைத் திறந்தால் ஆத்தூர்ச் சாலை தெரியும்.

பெரியேரிக்குத் தீர்ப்புக்குப் பின் ஒருமுறை சென்றேன். அருகே நின்ற மூதாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மகன் உடல்நலத்துக்கு இங்கே வேண்டிக்கொண்டவர். "புத்தருன்னு சொல்றாங்க கண்ணு, இருக்கட்டும். நாங்க இத்தன வருசம் கும்பிட்டதெல்லாம் தப்பாப் போச்சாம்மா?" என்று கேட்டார். வரலாற்று மாணவி என்ற முறையில், சிலைக்கு அதன் உண்மைப் பெயர் திரும்பியது நேர்மை என்றே நான் கருதுகிறேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அவர் குரலில் இருந்தது உரிமைக் கோபமன்று. தாம் ஏதோ பிழை செய்துவிட்டோமோ என்னும் தவிப்பு. கள்வரிடம் ஒப்படைக்கப்படாத நால்வருள் இவரும் ஒருவர் அல்லவா? "ஒண்ணும் தப்பில்லீங்க ஆத்தா" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. சேலையின் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, படிக்கட்டில் சற்றுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

இக்கட்டுரையில் நான் வழங்கிய 'தன்னருள்' என்னும் சொல்லை நம் வட்டத்து மூத்த உறுப்பினர் ஒருவர் ஏற்கவில்லை. அருள் தொடர்பில்லாதார் மேலும் செல்வது, தன்மேல் செல்வது அன்பே ஆகும், ஆகையால் 'தன்பரிவு' என்க என்றார். இலக்கணப்படி அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும் பல ஆண்டுகள் தன்னோடு தொடர்பற்றே வாழ்ந்தவர்க்கு அருள் என்ற சொல்லே பொருந்தும் என்று விடையிறுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் விவாதம் தொடரும்.